கூரைப்பாலத்தின் கிழக்குப் பாதி

ஜூன் 3, திங்கள்

பூங்காவின் கூரைப்பாலத்தை மூடிவிட்டார்கள். காலை நடைக்குப் போனபோது இரு முனையிலும் மூங்கில் கட்டி, "பாலம் பழுது. யாரும் கடக்கக் கூடாது" என்று ஓர் அட்டை மாட்டியிருந்தது. அட்டை கோணலாகத் தொங்கியது. நேராக்கிவிட்டு வந்தேன்.

பிற்பாடு இந்த நோட்டை யார் எடுத்துப் பார்த்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். நெடுஞ்சோலைப் பேரூராட்சிப் பூங்காவின் நடுவே ஓடும் ஓடைக்குக் குறுக்கே, அறுபதடி நீளத்தில், தகரக் கூரை போட்ட மரப்பாலம் அது. தேயிலை மூட்டைகள் மழையில் நனையாமல் அக்கரை போவதற்காகத் தோட்டத்துரை ஒருவர் கட்டியது. உள்ளே இரண்டு பக்கமும் நீளமான பெஞ்சு. இந்த மலையில் இப்படி இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

1987-இல் அதைச் செப்பனிட்டவர் பேரூராட்சிப் பொறியாளராக இருந்த என் கணவர். மேற்கு வாசலில் "பொறியாளர் ம. அருளப்பன்" என்று சலவைக்கல் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைக்கிறேன். அப்போது பூங்காக் குழுவின் செயலாளர் நான். பாலம் ஒரு கண்ணியமான தோற்றத்துக்கு வந்தது அந்த வருஷம்தான். அதற்கு முன் பக்கங்களில் வெறும் குறுக்குச் சட்டங்கள். சாரல் அடித்துப் பெஞ்சு எப்போதும் ஈரம். ஒரு முறை கலெக்டரின் மனைவி அதில் உட்கார்ந்து, எழுந்தபோது பட்டுப்புடவையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அன்று நான் அடைந்த அவமானத்தைச் சொல்லி முடியாது. இருபுறமும் பலகை அடைத்துப் பச்சை வண்ணம் பூசிய பிறகே குடும்பப் பெண்கள் அங்கே உட்காரத் தொடங்கினார்கள்.

அந்தப் பாலம் நிற்கும். அதைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். புதிய செயல் அலுவலர் திருமதி மலர்க்கொடி. எழுந்து நின்று வரவேற்றார். மேஜை மேல் தூசி.

"மாவட்டத்துல இருந்து வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க மேடம். மரத்துக்கு ஆயுள் முடிஞ்சிருச்சுன்னு எழுதியிருக்காங்க. பூங்கா மேம்பாட்டுல நடைபாதை, கழிப்பறை, ரோஜாப் பாத்தி எல்லாம் வருது. பாலம் மட்டும் கான்கிரீட்டா மாறும்."

"எந்த மரத்தை எங்கே தட்டிப் பார்த்தாங்க?"

தாளைப் புரட்டினார். "அப்படி எதுவும் எழுதலை மேடம்."

"அப்ப அது அறிக்கை இல்லை. அபிப்பிராயம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். கெட்டிக்காரப் பெண்மணி. விஷயத்தை ஒழுங்காகவே விளக்கினார். ஆகஸ்ட் 30 அன்று மன்றக் கூட்டம். அன்று முடிவு. "வயசாகி மரம் போயிருந்தா மொத்தமா எடுத்தாகணும். வேற ஏதாவது காரணத்தால ஒரு இடத்துல மட்டும் கெட்டிருந்தா, அந்த இடத்தை மாத்திட்டு மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆனா என்ன காரணம்னு எழுத்துல வேணும். மர வேலை தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லணும்."

"ஆளை நான் கொண்டு வர்றேன்" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

விடியற்காலையில் காட்டெருமை வந்து பீன்ஸ் பாத்தியை மிதித்துவிட்டது. வேலியைத் திரும்பக் கட்டச் சொல்லியிருக்கிறேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

மாலை ஹில்டா தேநீருக்கு வந்தாள். கான்வென்ட்டில் முதல் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சு. பூங்காக் குழுவிலும் இருந்தவள். அறுபது வருஷமாகியும் சேற்றுச் செருப்போடுதான் முன்னறைக்குள் வருகிறாள். சொன்னேன்.

"உன் வீட்டுக்காரரையே உன்னால திருத்த முடியலை. என்னைத் திருத்தப் போறியாக்கும்" என்றாள்.

அது உண்மைதான். மற்ற எல்லாவற்றிலும் ஒழுங்கான மனிதர். ஞாயிற்றுக்கிழமை மட்டும், நான் மாதா சபைக் கூட்டத்துக்குப் போயிருக்கும் நேரத்தில், எங்கோ நடந்துவிட்டு ஷூவை நனைத்துக்கொண்டு வருவார். பதினாறு வருஷம் சொன்னேன். "சரி எமி" என்பார். அடுத்த ஞாயிறும் நனையும்.

தென்காசியில் பழைய மர மண்டபங்களைப் பழுது பார்க்கும் சுடலைமுத்து ஆசாரி என்பவரின் விலாசம் ஹில்டாவின் மருமகன் மூலம் கிடைத்தது. இன்றே கடிதம் எழுதிவிட்டேன். போனிலும் சொல்லியாயிற்று.

ஜூலை 2, செவ்வாய்

ஆசாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பாலத்தில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி வைத்தார். மதிப்பாக இருந்தது. கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் தூணைத் தட்டிவிட்டு அதில் காதை வைத்துக் கேட்டார். ஒவ்வொரு தூணாக, அவசரமில்லாமல்.

"தூணு கணீர்னு இருக்கும்மா. பாலத்தைத் தாங்குத உத்தரத்தைப் பாக்கணும். பலகையைக் கழத்திருவோம்."

"பலகை நல்லாத்தானே இருக்கு. அதை எதுக்குத் தொடணும்? அடியில இருந்து பாருங்களேன்."

"நல்லாருக்கும்மா. அதுக்காவ சட்டையைக் கழத்தாம முதுவைப் பாக்க முடியுமா?"

மலர்க்கொடி என் முகத்தைப் பார்த்தார். கழற்றட்டும் என்றேன்.

ஜூலை 4, வியாழன்

கிழக்குப் பக்கத்தில் நான்கு பலகைகளைப் பெயர்த்தார்கள். உள்ளே உத்தரம் கறுத்துக் கிடந்தது. ஆசாரி விரலால் குத்தினார். தேநீரில் ஊறிய ரஸ்க் போல விரல் உள்ளே போனது.

"இது வயசுல போன மரமில்லம்மா. மூச்சு முட்டிப் போன மரம்" என்றார். "இங்க பாருங்க. உள்பக்கம் ஒரு பலகை, வெளிப்பக்கம் ஒரு பலகை, அடியில ஒரு பட்டை. நடுவுல உத்தரம். பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்காவ. மேல இருந்து எறங்குன தண்ணி எங்க போவும்? அங்கனயே கெடந்து அழுகும். முன்ன வெறும் சட்டமாத்தானே இருந்திருக்கும்? கட்டுனவன் தெரிஞ்சுதான் கட்டியிருக்கான். அடைச்சவந்தான் தெரியாம அடைச்சிருக்கான்."

"பெயிண்ட் நல்ல பெயிண்ட்" என்றேன். வருஷம் தவறாமல் பூசியதைச் சொல்ல வந்தேன்.

"ஆமாம்மா. பெயிண்டு ரொம்ப நல்ல பெயிண்டு. ஒரு சொட்டு ஈரத்தை வெளிய விடல."

ஜூலை 5, வெள்ளி

பட்டாணி உரித்தேன். மழை. வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

பாலத்தடியில் நாலைந்து பேர். நடுவில் வார்டு உறுப்பினர் குணசீலன். அக்கரையில் வண்டி நிறுத்த இடம் வேண்டும், அதற்குக் கான்கிரீட் பாலம்தான் சரி என்பது அவருடைய கட்சி.

"வயசு காரணம் இல்லையாம்பா. இன்ஜினியர் அடிச்ச பலகைதான் பாலத்தைத் தின்னிருக்குது. இதுல கல்லு வச்சுப் பேரு வேற. மொதல்ல அந்தக் கல்லைப் பேத்து எடுங்க."

நான் பின்னால் நிற்பதை யாரோ சொல்லித் திரும்பினார். நான் சொன்னேன்: "இந்த ஊருக்கு மலைமேல இருந்து தண்ணி கொண்டு வந்தவர் அவர். இன்னைக்குக் காலையில நீங்க குளிச்சது அந்தத் தண்ணியிலதான்."

"வாஸ்தவம்ங்க மேடம். தண்ணிக்குக் கும்புட்டுக்கறேன். பலகைக்கு என்னங்க பண்றது? உங்க வீட்டுக்காரருன்னு மரத்துக்குத் தெரியாதுங்களே."

அவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் தொந்தரவு.

என் கணவர் எதையும் காரணமில்லாமல் செய்தவரில்லை. கோப்பில் காரணம் இருக்கும். அதைக் காட்டினால் இந்த வாய்கள் அடைபடும். அலுவலகத்துக்குப் போய் 1987-ஆம் வருஷக் கோப்பைப் பார்க்க எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 24, புதன்

கோப்பு கிடைத்தது. ஐந்து தாள்கள். எலி கடித்த ஓரம்.

நான்காவது தாள் பூங்காக் குழுவின் கடிதம். பக்கங்களைப் பலகையால் முழுமையாக அடைக்க வேண்டும், எலியும் குருவியும் புகாதபடி அடியையும் மூட வேண்டும், தாமதமின்றிச் செய்ய வேண்டும் என்று இருந்தது. "தாமதமின்றி" என்பதன் கீழே இரண்டு கோடு. சுத்தமான கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரம். கான்வென்ட் கன்னியர் கற்றுக்கொடுத்த எழுத்து. கையொப்பம் இருந்த மூலையை எலி தின்றுவிட்டது. "செயலாளர்" என்ற முத்திரை மட்டும் மிச்சம்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் என் கணவரின் எழுத்து: "அடைத்தால் ஈரம் தங்கி உத்தரம் உளுத்துப்போகும். காற்று போக வழி வேண்டும். என் ஆலோசனை ஏற்கப்படவில்லை. தலைவரின் உத்தரவின்படி செய்யப்படுகிறது."

மலர்க்கொடி கேட்டார், "இந்தச் செயலாளர் யாரு மேடம்? உங்களுக்குத் தெரியுமா?"

"பழைய குழு. பதிவேடு எதுவும் இருக்காது" என்றேன்.

அது பொய் இல்லை. பதிவேடு இல்லைதான்.

அந்தக் கடிதம் அலுவலகத்துக்குத் தபாலில் போகவில்லை. காலையில் டிபன் பையோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுத்தனுப்பப்பட்டது. இரவுச் சாப்பாட்டின்போது அவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நினைவில்லை.

ஜூலை 25, வியாழன்

கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மேற்குப் பாதியின் பலகைகளையும் கழற்றிவிட்டார்கள். ஆசாரி ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். ஓடைக்கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தண்ணீருக்குள் ஒரு பாறைமேல் நின்று உத்தரத்தைத் தட்டினார். கோயில் மணி மாதிரி கேட்டது.

"கேட்டியளாம்மா? மேக்கு உத்தரம் அப்படியே இருக்கு. ஒரே வருசம் போட்ட மரம், ஒரே மாதிரி அடைச்ச பலகை. அப்ப கெழக்கு மட்டும் ஏன் போச்சு? ரெண்டு நாளா மண்டையைக் கொடஞ்சேன். இதைப் பாருங்க."

கழற்றிய அடிப்பட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் சாண் இடைவெளியில் வரிசையாகத் துளைகள். நாற்பத்திரண்டு என்று எண்ணி வைத்திருந்தார். "யாரோ ஒரு ஆளு கையாலயே போட்டிருக்கான். ஒரு நாள்ல போட்டதில்ல. வருசக்கணக்காப் போட்டிருக்கான். பழைய துளை தூந்துபோவ, பக்கத்துல புதுசு. தண்ணியும் வடிஞ்சிருக்கு, காத்தும் போயிருக்கு. அந்த மவராசன் இல்லன்னா இதுவும் கெழக்கு மாதிரிதான்."

"கிழக்குல ஏன் போடலை?"

"அங்கன ஆழமான கசம்மா. ஆள் முங்கும். இங்கயாவது பாறை மேல நின்னா எட்டும். அப்பவும் கணுக்கால் நனையாம முடியாது."

பிறகு உள்ளே கூட்டிப் போய்ப் பெஞ்சுக்கு அடியிலிருந்த பலகையையும் காட்டினார். அதிலும் துளைகள், எல்லாம் புட்டிப் பசையால் அடைத்து மேலே பச்சை வண்ணம். "மொதல்ல இங்கதான் போட்டுப் பாத்திருக்கான். எவனோ வெரட்டி வெரட்டி அடைச்சிருக்கான். அப்புறந்தான் யாரு கண்ணும் படாத எடமாப் பாத்து அடியில போயிருக்கான்."

புட்டி அடைத்தது குழுவின் மார்ச் மாதப் பராமரிப்பு. வண்டுத் துளை என்றுதான் அப்போது கருதப்பட்டது.

"யாரு, எப்பப் போட்டாவன்னு சொல்ல ஒரு ஆளு கெடச்சா அறிக்கையில எழுதிருவேன்" என்றார் ஆசாரி. "இல்லன்னா மேக்குப் பாதி தப்புனது அதிர்ஷ்டம், அடுத்த மழையில அதுவும் போயிரும்னு சொல்லி மொத்தத்தையும் இடிச்சிருவாவ."

கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வலிக்கத்தான் செய்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசைக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பரணில் ஏறச் சொல்லி என் கணவருடைய பெட்டிகளை இறக்கினேன். அவர் போய் இருபத்தொரு வருஷமாகிறது. ஷூ இரண்டு ஜோடி. கணுக்கால் உயரத்தில் தோலில் வெள்ளைக் கோடு, எல்லா ஷூவிலும் ஒரே உயரத்தில்.

தகரப் பெட்டியில் ஒரு கை டிரில். காகிதம் சுற்றி நூலால் கட்டியிருந்தது. காகிதம் மாதா சபையின் அறிவிப்பு. அதை அச்சடிக்கக் கொடுத்தது நான்தான். "கூட்டம்: ஒவ்வொரு ஞாயிறும் மாலை 3 முதல் 5 வரை. உறுப்பினர்கள் தாமதமின்றி வருக." மூன்றுக்கும் ஐந்துக்கும் அடியில் பென்சில் கோடு.

டிரில்லைத் துடைத்து எண்ணெய் விட்டேன். இன்னும் நன்றாகச் சுற்றுகிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்புத் திருநாள். சுதந்திர தினக் கொடியேற்றமும். இரண்டுக்கும் போனேன். திரும்பும் வழியில் ஹில்டாவிடம் டிரில்லைப் பற்றிச் சொன்னேன். டிரில்லைப் பற்றி மட்டும்.

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியும் எமி. ஒரு தடவை பார்த்தேன். பேன்ட்டை மடிச்சு விட்டுட்டு ஓடைக்குள்ள நின்னார், மேலே பார்த்துக்கிட்டு. என்னைப் பார்த்ததும் ஸ்கூல் பையன் மாதிரி முழிச்சார். 'எமிகிட்ட சொல்லிடாதீங்க, புட்டி டப்பாவோட வந்துடுவா'ன்னார்."

"இத்தனை வருஷமா நீ சொல்லவே இல்லையே."

"நீ கேட்டியா? நீ எப்ப யாரை என்ன கேட்டிருக்கே? சொல்லித்தான் பழக்கம் உனக்கு."

வீட்டு வாசல் வரை நான் முன்னால் நடந்தேன். பிறகு அவள் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துவிட்டு என் வீட்டுக்குள் வந்தாள். நான் ஒன்றும் சொல்லாமலேயே.

ஆகஸ்ட் 29, வியாழன்

அறிக்கையோடு சேர்க்க வாக்குமூலம் எழுதினேன். நான்கு முறை திருத்தினேன். முதல் பிரதியில் "அன்றைய சூழலில்" என்று இருந்தது. அடித்தேன். இரண்டாவதில் "குழுவின் முடிவின்படி" என்று இருந்தது. குழு என்று ஒன்று இருந்ததா? நான் சொன்னேன், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதையும் அடித்தேன். கடைசியில் மிஞ்சியது மூன்று வாக்கியம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மன்றக் கூடம் நிரம்பியிருந்தது. சாம்பல் நிறப் பட்டுப்புடவை உடுத்தினேன்.

ஆசாரியின் அறிக்கையைப் படித்தார்கள். குணசீலன் எழுந்தார். "பாதி மரம் நல்லாருக்குன்னு சொல்றாரு. இருக்கட்டும்ங்க. ஏன் நல்லாருக்குது? ஏதோ துளைன்னா? யாரு போட்டது, எதுக்குப் போட்டதுன்னு தெரியாத துளையை நம்பி ஊரு சனம் நடக்கறதுங்களா?"

அது நியாயமான கேள்வி. மலர்க்கொடி என்னை அழைத்தார். நின்றுகொண்டே படித்தேன்:

"1987-இல் கூரைப்பாலத்தின் பக்கங்களைப் பலகையால் அடைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது நான். பொறியாளராக இருந்த என் கணவர் அது மரத்தைக் கெடுக்கும் என்று கோப்பிலும் வீட்டிலும் சொன்னார், நான் கேட்கவில்லை. அதன்பின் பதினாறு வருஷம், நான் வீட்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் தனியாக ஓடைக்குள் நின்று துளைகள் போட்டு, கை எட்டிய வரைக்கும் பாலத்தைக் காப்பாற்றினார்."

பையிலிருந்து டிரில்லை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஆசாரி அடிப்பட்டையைக் கொண்டு வந்திருந்தார். டிரில்லின் முனையை ஒரு துளைக்குள் விட்டார். சரியாக இறங்கியது. இன்னொன்றில் விட்டார். அதிலும் இறங்கியது. மூன்றாவதைத் தலைவர் தானே எழுந்து வந்து விட்டுப் பார்த்தார்.

கிழக்கு உத்தரத்தை மட்டும் மாற்றி, பக்கங்களைத் திறந்தபடி விட்டுப் பாலத்தைச் செப்பனிடத் தீர்மானம் நிறைவேறியது. குணசீலனும் கை தூக்கினார்.

வெளியே வந்தபோது அவர் என் அருகில் வந்தார். "மேடம், நீங்க எழுதுன கடுதாசின்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்களே. பேரைத்தான் எலி தின்னிருச்சே."

"தெரிஞ்சிருக்காது. பாலமும் இருந்திருக்காது."

"அந்தக் கல்லு அங்கயே இருக்கட்டும்ங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து புடவையை மடித்து வைத்தேன். ரசம் மட்டும் வைத்தேன். தூங்கினேன்.

அக்டோபர் 7, திங்கள்

புது உத்தரம் ஏறிவிட்டது. தேக்கு. தினமும் காலையும் மாலையும் போய்ப் பார்க்கிறேன். நடைபாதைக் கல் பதிப்பவர்கள் வளைவில் இரண்டு வரிசையைக் கோணலாக வைத்துவிட்டார்கள். பெயர்த்துத் திரும்ப வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். ரோஜாப் பாத்திகள் கழிப்பறைக்கு மிக அருகில் வருகின்றன. அதை மலர்க்கொடியிடம் எழுத்துமூலம் தெரிவித்தேன். தெரிவித்த பிறகு, ஏன் அங்கே வைத்தார்கள் என்று தோட்டக்காரரைக் கேட்டேன். அங்கேதான் வெயில் விழுகிறதாம். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மலர்க்கொடி கேட்டார், "பக்கம் திறந்து விட்டா சாரல்ல பெஞ்சு நனையுமே மேடம். கண்ணாடி இழைத் தகடு மாதிரி ஏதாவது போட்டுக்கலாமா? அழகா இருக்கும்."

"ஆசாரியைக் கேளுங்க" என்றேன்.

ஆசாரி வேண்டாம் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

பாலத்தைத் திறந்துவிட்டார்கள். ரிப்பன், மைக், குணசீலனின் நீண்ட பேச்சு. என்னைக் கத்திரிக்கோல் பிடிக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். ஆசாரி வெட்டினார். வெட்டுமுன் செருப்பைக் கழற்றினார்.

பழைய அடிப்பட்டையை, துளைகளோடு, மேற்கு வாசலில் கல்லுக்குக் கீழே பதித்திருக்கிறார்கள். அதற்கு வண்ணம் பூசவில்லை. அது நான் கேட்டுக்கொண்டது.

மாலையில் மாதா சபைக்குப் போகவில்லை. மூன்று மணிக்குக் கிளம்பிப் பாலத்துக்கு நடந்தேன். நல்ல மழை. கூட்டமெல்லாம் போய்விட்டிருந்தது. குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே காற்று உள்ளே வந்து மறுபக்கம் போனது. கிழக்குப் பாதி வரை நடந்து பார்த்தேன். கீழே கசத்தில் தண்ணீர் கறுப்பாக நின்றது. அங்கிருந்து திரும்பி மேற்குப் பாதிக்கு வந்தேன், பாறை தெரியும் இடத்துக்கு.

பெஞ்சு நனைந்திருந்தது. உட்கார்ந்தேன்.